மாடல் விமானத்தில் இணைப்புக் கோடு தெரிகிறதா? இடைவெளியை அடைக்கும் முறை

பண்டமாரான், கிள்ளான் வட்டார இளைஞர்கள் விடுமுறையில் ஆசையோடு வாங்கும் பிளாஸ்டிக் விமானக் கிட், பல வீடுகளில் பாதியிலேயே அலமாரிக்குள் போய்விடுகிறது. பெட்டியின் மேல் படத்தில் வழுவழுப்பாக இருக்கும் விமானம், ஒட்டி முடித்ததும் நடுவில் பிளந்ததுபோல் தெரிவது ஒரு முக்கியக் காரணம். இது கைத்திறன் இல்லாததால் வருவதல்ல. விமானத்தின் உடல் இடது, வலது என இரு பாதிகளாக அச்சில் வார்க்கப்படுகிறது. அவை சேரும் முதுகிலும் வயிற்றிலும் கோடு விழும். இறக்கை உடலோடு சேரும் இடத்தில் இடைவெளியும் வரும்.

சிறிய இடைவெளிதானே என்று விட முடியாது. 1:72 அளவு மாடலில் 0.3 மில்லிமீட்டர் பிளவு, உண்மை விமானத்தில் 2 சென்டிமீட்டருக்கும் அதிகம். அப்படியொரு பிளவோடு எந்த விமானமும் பறக்காது.

முதல் வேலை பசை அல்ல, பொருத்திப் பார்ப்பது. பாகங்களின் ஓரத்தில் உள்ள பிசிறைச் சீவிவிட்டு, டேப்பால் கட்டிப் பார்க்க வேண்டும். இங்கே சரிசெய்தால் பின்னால் புட்டி வேலை பாதியாகக் குறையும்.

பிளாஸ்டிக் மாடலுக்கான பசை, பாலிஸ்டைரீனைக் கரைத்து இரு பக்கத்தையும் ஒன்றாக்கிவிடும். ஒட்டும்போது சற்று அழுத்தினால் கரைந்த பிளாஸ்டிக் கோட்டின் மேல் பிதுங்கும். ஓரிரு நாள் காயவிட்டுத் தேய்த்தால், மெல்லிய கோடுகள் புட்டி இல்லாமலே மறைந்துவிடும்.

அதற்கும் அடங்காத இடைவெளிக்குப் புட்டி தேவை. கார் பட்டறையில் பள்ளத்தை அடைப்பது போன்ற வேலைதான் இது. டியூபில் வரும் சாம்பல் நிறப் புட்டி காயும்போது சுருங்கும். ஆகவே ஒரே தடவையாக அப்பாமல், மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை இட வேண்டும். சூப்பர் குளூ சுருங்காது. ஆனால் நாள் கடந்தால் பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகிவிடும் என்பதால், காய்ந்து ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்துவிடுவது நல்லது. அகன்ற இடைவெளியில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகி ஒட்டிய பிறகே புட்டி இட வேண்டும். இறக்கை மூலை போன்ற தேய்க்க முடியாத இடங்களில் நீரில் கரையும் புட்டியைத் தடவி, ஈரப் பஞ்சால் துடைத்துவிடலாம்.

தேய்ப்பதற்கு 400-இல் தொடங்கி 600, 1000 என மணல்தாளை மாற்ற வேண்டும். தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூள் பறக்காது. பிறகு சாம்பல் நிற அடிப்பூச்சு அடித்தால், கண்ணுக்குத் தப்பிய கோடெல்லாம் தெரிந்துவிடும். அவற்றை மீண்டும் அடைத்துத் தேய்க்க வேண்டும்.

எல்லாக் கோட்டையும் அழிப்பதும் தவறு. உண்மை விமானத்தில் தகடுகள் சேரும் கோடுகள் உண்டு. புகைப்படத்தைப் பார்த்து, தேய்ந்துபோன கோடுகளை ஊசிமுனையால் மறுபடி கீற வேண்டும்.

பெற்றோர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்தப் பசையிலும் டியூப் புட்டியிலும் உள்ள கரைப்பான் ஆவி உடலுக்குக் கேடு. ஏர்கோன் போட்டு மூடிய அறையில் இந்த வேலை கூடாது. சன்னலைத் திறந்து, மின்விசிறியை வெளிப்பக்கம் திருப்பி வைக்க வேண்டும். சிறுவர்களைத் தனியே விடக்கூடாது.

எந்த விமானத்தில் தொடங்கலாம்? ஸ்பிட்பயர் நல்ல தேர்வு. அவசரகாலத்தில் மலாயா வானில் பறந்த விமானம் அது. பிரிட்டிஷ் விமானப்படையின் ஸ்பிட்பயர் கடைசியாகப் போர்ப்பணிக்குப் பறந்தது 1954 ஏப்ரல் 1-ஆம் தேதி, சிங்கப்பூர் சிலேத்தார் தளத்திலிருந்து மலாயாக் காட்டுக்கு மேலேதான். அதே அவசரகாலத்தில் புதுக்கிராமமாக உருவானது பண்டமாரான். பேரன் செய்யும் விமானத்தைப் பார்த்து, தோட்டத்தில் வளர்ந்த தாத்தாவுக்குச் சொல்லக் கதை இருக்கலாம்.