இளநீருக்கு இரண்டு ஸ்ட்ரா

சிதம்பரம் கீழவீதியில் இளநீர் வாங்கும்போது பேரனுக்கு மட்டும் இரண்டு ஸ்ட்ரா கேட்டேன். கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். ஒன்று இளநீருக்குள்ளே, மற்றது வெளியே தொங்க, இரண்டையும் சேர்த்து வாயில் வைத்து உறிஞ்சச் சொன்னேன். கன்னம் ஒட்டியதுதான் மிச்சம், இளநீர் ஏறவில்லை. "காய் சரியில்ல ஆயா" என்றான். வெளியே தொங்கிய ஸ்ட்ராவின் நுனியை விரலால் பொத்தினேன். விறுவிறுவென்று ஏறிவிட்டது.

இளநீரை நாம் இழுப்பதாக நினைக்கிறோம். வாய்க்குள் காற்றைக் குறைப்பது மட்டும்தான் நம் வேலை. மேலே தள்ளுவது காய்க்குள் அழுத்தும் வெளிக்காற்று. இரண்டாவது ஸ்ட்ரா திறந்திருந்தால் அதன் வழியாகக் காற்று வந்து வாயை நிரப்பிவிடும்.

தட்டில் தண்ணீர் ஊற்றி, எரியும் மெழுகுவத்தியை டம்ளரால் மூடும் சோதனையை வகுப்பில் நான் செய்ததே இல்லை. ஆக்சிஜன் தீர்ந்ததால் தண்ணீர் ஏறியது என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிடுவார்கள். சூடான காற்று குளிர்ந்து சுருங்குவதுதான் முக்கியக் காரணம்; அங்கும் தண்ணீரைத் தள்ளுவது வெளிக்காற்றே.

கடலூர் முதுநகரில் எங்கள் பழைய வீட்டு அடிபம்பு ஒரு கோடையில் நின்றுபோனது. அப்பா இரண்டு முறை தோல் வாஷர் மாற்றினார். பம்பில் கோளாறில்லை, நீர்மட்டம் இறங்கியிருந்தது. அடிபம்பிலும் தள்ளுவது வெளிக்காற்றுதான், அதனால் தண்ணீரை 10.3 மீட்டருக்கு மேல் தள்ள முடியாது. அடிபம்பில் ஏழெட்டு மீட்டரே பெரிது. தண்ணீரைவிடப் பதின்மூன்று மடங்குக்கு மேல் கனமான பாதரசம் என்றால் 76 செ.மீ.தான். 1643-இல் டாரிசெல்லி அதை வைத்துத்தான் காற்றழுத்தத்தை அளந்தார்.

பேரன் பிறக்கும் முன், 2011 டிசம்பர் 30 காலையில், தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. வழக்கமாக 1013 மில்லிபார் அளவில் இருக்கும் காற்றழுத்தம், புயலின் உச்சத்தில் மையத்தில் 969 ஆகியிருந்தது. ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் ஒரு செ.மீ. உயரும். அந்தக் கணக்கில் பார்த்தால் நாற்பது செ.மீ.க்கு மேல். கரையில் அலையை ஏற்றியதில் பெரும்பங்கு வேகக்காற்றுக்குத்தான், ஆனால் அந்த நாற்பது இந்த இளநீர் கணக்கு.

இதைச் சொன்னதும் பேரன் கேட்டான்: "அப்ப புயலுக்கு ஸ்ட்ரா எங்க ஆயா?"

"சுத்தியும் காத்து அழுத்துதே, நடுவுல மட்டும் அழுத்தம் கம்மி. ஸ்ட்ரா எதுக்குடா?"

யோசித்தபடியே காயைக் குலுக்கிப் பார்த்தான். காலி. வழுக்கை வெட்டித் தரச் சொல்லிக் கடைக்காரரிடம் நீட்டினான்.