பெரிய அரங்கா, நிறைந்த அரங்கா?

காற்பந்து ஆடும் இடத்தைத் திடல் என்று வழங்குவது மலேசியத் தமிழர் மரபு. தோட்டப்புறத் திடலில் எல்லைக்கோடு சுண்ணாம்பால் போட்டிருக்கும். அக்கோட்டுக்கு அப்பால் எங்கு வேண்டுமானாலும் நின்று பார்க்கலாம். கூட்டம் மிகுந்தால் பின்னால் நிற்பவன் மேட்டில் ஏறிக்கொள்வான். சிறுவர்களுக்குத் தந்தையின் தோள் உண்டு. அங்கே இடத்தை விரிவாக்க வேண்டும் என்ற பேச்சு எழுவதில்லை. காண்போருக்கென்று படிவரிசை கட்டி, இருக்கைக்கு எண் கொடுத்து, சீட்டு விற்கத் தொடங்கிய பிறகே திடல் அரங்கமாகின்றது. அன்றே ஒரு வழக்கும் தொடங்கிவிடுகின்றது. இடம் போதவில்லை என்பார் ஒருவர். இருக்கிற இடம் நிறையட்டும் என்பார் மற்றொருவர்.

இவ்வழக்கை நன்கு அறிய விரும்புவோர் ஜொகூர் மாநிலத்தின் இரண்டு அரங்குகளை நோக்கலாம். ஒன்று ஜொகூர் பாருவில் லார்க்கின் பகுதியில் உள்ளது. 1959 முதல் 1967 வரை மாநில மந்திரி பெசாராக இருந்த ஹசான் யூனோஸின் பெயர் அதற்கு இடப்பட்டிருப்பினும், லார்க்கின் அரங்கம் என்பதே மக்கள் வாயில் வழங்கும் பெயர். மற்றொன்று இஸ்கந்தர் புத்திரியில் 2020-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற சுல்தான் இப்ராகிம் அரங்கம். முன்னது சுமார் 30,000 பேரைக் கொள்வது. பின்னது 40,000 பேரைக் கொள்வது.

அரங்கு என்னும் சொல் மிகப் பழையது. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை, மாதவி ஆடிய அரங்குக்கு ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் கூறுகின்றது. கோல் என்பது இருபத்துநான்கு பெருவிரல் அளவுடைய மூங்கில். தூண்களின் நிழல் இடையூறாக விழாதபடி விளக்கு வைக்க வேண்டும் என்பதும் அங்கே சொல்லப்படுகின்றது. ஆடுவோர் இடத்தை விரற்கடை பிசகாமல் அளந்த அக்காதை, காண்போர் இடத்துக்கு அளவு சொல்லவில்லை. ஆயினும் நிழலைப் பற்றிய அந்தக் கவலை காண்போரைக் கருதியதே அன்றோ? மறைப்பின்றித் தெரிய வேண்டும் என்பதுதான் அதன் கருத்து. இன்றைய அரங்கப் பொறியாளருக்கும் முதற் கவலை அதுவே.

லார்க்கின் அரங்கின் புகழ் உலகறிந்தது. 1997 நவம்பர் 16 அன்று ஜப்பானும் ஈரானும் உலகக் கோப்பைத் தகுதிக்காக அங்கே மோதின. இரு நாட்டுக்கும் பொதுவான இடமாக ஜொகூர் பாரு தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தது. ஜப்பானிலிருந்து இரசிகர்கள் விமானங்களில் வந்து இறங்கி அரங்கை நீல நிறமாக்கினர். கூடுதல் நேரத்தின் கடைசியில், 118-ஆம் நிமிடத்தில், ஒக்கானோ போட்ட பொற்கோலால் ஜப்பான் 3–2 என்று வென்று முதன்முறையாக உலகக் கோப்பைக்குச் சென்றது. ‘ஜொகூர் பாருவின் பேருவகை’ என்ற தொடர் ஜப்பானிய மொழியில் இன்றும் வழங்குகின்றது. ஒரு மலேசிய ஊரின் பெயர் வேற்றுமொழியில் மகிழ்ச்சிக்கு மறுபெயராக நிற்பது சிறிய செய்தியன்று.

ஜொகூர் மக்களுக்கோ அவ்வரங்கின் நினைவு வேறு வகையினது. மாநில அணி 1985-இலும் 1991-இலும் மலேசியக் கோப்பையை வென்றது. 1991-இல் லீக் பட்டமும் சேர்ந்து வந்தது. அதன்பின் நெடுங்காலம் வறட்சி. 2013-இல் துங்கு இஸ்மாயிலின் தலைமையில் ஜொகூர் டாருல் தாக்சிம் கழகம் புத்துருவம் பெற்றது. 2014 முதல் 2023 வரை லீக் பட்டம் ஓராண்டும் தவறாமல் அதற்கே வந்தது. 2015-இல் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் கோப்பையையும் வென்று, அதனை வென்ற முதல் தென்கிழக்காசியக் கழகம் ஆயிற்று. எஸ். குணாலன் போன்ற தமிழ் ஆட்டக்காரர்களும் அணியில் விளங்கிய காலம் அது. வெற்றி வந்தால் கூட்டம் வரும். கூட்டம் வந்தால் இருக்கை போதாது. இது கணக்கு.

ஆனால் லார்க்கினில் கூடுதல் இருக்கை போடுவது எளிய செயலன்று. காரணம் ஆடுகளத்தைச் சூழ்ந்துள்ள ஓட்டப் பாதை. காற்பந்துக் களம் 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் உடையது. எட்டு வரிகளைக் கொண்ட 400 மீட்டர் ஓட்டப் பாதையோ வெளிவிளிம்பில் ஏறத்தாழ 177 மீட்டர் நீளமும் 92 மீட்டர் அகலமும் பிடிக்கும். ஆகவே பக்கவாட்டில் அமர்பவர் களத்தினின்று 12 மீட்டராவது விலகியிருப்பார். கோல் கம்பத்தின் பின்னால் அமர்பவர் 36 மீட்டர் விலகியிருப்பார். பின்னவருக்கு எதிர்க்கோல் 141 மீட்டருக்கு அப்பால் இருக்கின்றது. அதுவும் முதல் வரிசையிலேயே! களத்தின் தொலைமூலை 150 மீட்டருக்குள் இருப்பது நன்று, 190 மீட்டரைத் தாண்டவே கூடாது என்பது அரங்கம் அமைப்போர் கொள்ளும் அளவு. கோலுக்குப் பின்னால் பத்து வரிசை மேலே போவதற்குள் அந்த நல்ல எல்லை கடந்துபோய்விடும். அதற்கு மேலும் வரிசைகளை அடுக்கினால் சீட்டு விற்கலாம். பந்தைக் காட்ட முடியாது.

படியின் உயரத்திலும் ஒரு நுட்பம் உண்டு. பின்னால் இருப்பவரின் பார்வை முன்னால் இருப்பவரின் கண்மட்டத்துக்கு மேல் 9 சென்டிமீட்டர் விலகிச் சென்றால் காட்சி நன்றாக இருக்கும். இதற்காக ஒவ்வொரு படியும் முந்தைய படியைவிடச் சற்று அதிகமாக உயர வேண்டும். படியின் அகலம் 80 சென்டிமீட்டர் என்று கொள்வோம். எல்லைக்கோட்டினின்று 10 மீட்டர் தள்ளி 2 மீட்டர் உயரத்தில் கண் இருக்குமாயின், அடுத்த படி 26 சென்டிமீட்டர் உயர்ந்தால் போதும். 30 மீட்டர் தள்ளி 10 மீட்டர் உயரத்தில் கண் இருக்குமாயின், அடுத்த படி 36 சென்டிமீட்டர் உயர வேண்டும். மேலே செல்லச் செல்லச் சரிவு செங்குத்தாகும் என்பது இதனால் விளங்கும். பிரிட்டனின் வழிகாட்டு நூல் 34 பாகைக்கு மேல் சரிவு கூடாது என்கின்றது. ஆகவே பழைய அரங்கின் மேல் புதிய அடுக்கு ஏற்றுவது வீட்டுக்கு மாடி எடுப்பது போன்றதன்று. கீழ் அடுக்கு எந்தக் கணக்கில் கட்டப்பட்டதோ அந்தக் கணக்கு மேல் அடுக்கையும் பிடித்துக்கொள்ளும்.

இதனை முன்கூட்டி எண்ணியவர்களும் உண்டு. அமெரிக்காவில் கல்லூரி அணிகளின் ஆட்டத்துக்கே இலட்சம் பேர் கூடுவர். மிச்சிகன் பல்கலைக்கழக அரங்கம் 1927-இல் சுமார் 72,000 பேருக்காகத் திறக்கப்பட்டது. அதனைக் கட்டுவித்த பீல்டிங் யோஸ்ட், ஒரு காலத்தில் இலட்சத்துக்கு மேல் இருக்கை வேண்டியிருக்கும் என்று கருதி அதற்கேற்ற அடித்தளமே போட்டு வைத்தார். இன்று அதன் கொள்ளளவு 107,601. கடைசியிலுள்ள அந்த ஒன்று, பிரிட்ஸ் கிரைஸ்லர் என்னும் பழைய பயிற்றுநருக்கு மதிப்பாக ஒதுக்கிய இருக்கை என்பர். ஹார்வர்டு கல்லூரி 1903-இல் கட்டிய கற்காரை அரங்கின் கதை இதற்கு நேர்மாறு. முரட்டு ஆட்டத்தைத் தணிக்கக் களத்தை அகலமாக்கலாம் என்ற யோசனை 1906-இல் எழுந்தபோது, அந்த அரங்கின் சுவர்கள் இடம் தரவில்லை. அதனாலேயே பந்தை முன்னோக்கி எறியும் விதி புகுந்தது என்று ஆட்ட வரலாறு எழுதுவோர் கூறுவர். கட்டடம் ஆட்டத்தின் இலக்கணத்தையே மாற்றிவிட்டது!

பெருக்குவது ஒன்றே வழி என்று எண்ணவும் வேண்டா. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் பழைய அரங்கம் 1921-இல் கட்டப்பட்டது. 80,000-க்கு மேற்பட்டோரைக் கொண்டது. பெரும்பாலான ஆட்டங்களில் அது நிறையவில்லை. 2006-இல் அதனை இடித்து, ஓட்டப் பாதையையும் நீக்கி, 50,000 பேருக்கே புதிதாகக் கட்டினர். இருக்கை குறைந்தது, காண்போர் களத்தை நெருங்கினர்.

ஜொகூர் தேர்ந்த வழி மூன்றாவது. பழைய அரங்கைத் தொடாமல், ஓட்டப் பாதை இல்லாத புதிய அரங்கைக் காற்பந்துக்கென்றே கட்டினார்கள். வாழையிலையின் வடிவைத் தழுவி அதன் புறத்தோற்றம் அமைந்துள்ளது. விருந்துக்கு இலை போட்டு அழைக்கும் வழக்கமுடைய தமிழருக்கு இதைவிடப் பொருத்தமான உருவம் வேறென்ன வேண்டும்? ஆனால் இலை போட்டவுடன் விருந்து நின்றுபோயிற்று. 2020 பிப்ரவரியில் அங்கே முதல் ஆட்டம் நடந்தது. மார்ச்சு 18 அன்று பெருந்தொற்றின் பொருட்டு நாடெங்கும் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. அவ்வாண்டில் லீக் ஆட்டங்கள் மீண்டும் தொடங்கியபோது நாற்பதாயிரம் இருக்கையும் வெறுமையாகவே இருந்தன. 2022 ஏப்ரலில் ஆசியச் சாம்பியன்கள் லீக்கின் பிரிவு ஆட்டங்கள் ஜொகூரில் நடந்தபோதுதான் புதிய அரங்கின் தகுதி தெரிந்தது. கவாசாகி, உல்சான் போன்ற பேர்பெற்ற கழகங்கள் இருந்த பிரிவில் ஜொகூர் முதலிடம் பெற்று, அடுத்த சுற்றுக்குச் சென்ற முதல் மலேசியக் கழகமாயிற்று.

இரசிகர் கருத்து இங்கே ஒருமுகமாக இல்லை, எங்குமே இருப்பதில்லை. இடம் பெருக வேண்டும் என்போர் பெரும்பாலும் சீட்டுக் கிடைக்காமல் திரும்பியவர்கள். குளுவாங்கிலிருந்தும் சிகாமட்டிலிருந்தும் குடும்பத்தோடு வருபவருக்கு, வாயிலில் சீட்டு இல்லை என்ற சொல் பெரிய ஏமாற்றம். இருக்கை குறைவாயின் விலை ஏறும்; ஏறினால் முதலில் விலகுபவர் தொழிலாளியும் மாணவரும். இவ்வாதத்தைப் புறந்தள்ள முடியாது. மறுபுறம் நிற்போர் கோல் கம்பத்தின் பின்னால் நின்று பாடுவோர். ‘பாய்ஸ் ஆஃப் ஸ்ட்ரெய்ட்ஸ்’ என்னும் இரசிகர் குழு ஜொகூரில் பெயர் பெற்றது. இத்தகையோருக்கு அரங்கின் அளவைவிட அதன் செறிவே பெரிது. பாதி நிறைந்த பேரரங்கில் குரல் சிதறிப்போகும். நிறைந்த சிற்றரங்கில் அது கூரையில் மோதித் திரும்பி எதிரணியைக் கலக்கும். இவர்கள் கூற்றுக்கு அண்டையிலேயே சான்று இருக்கின்றது. சிங்கப்பூரில் 1973-இல் திறந்த பழைய தேசிய அரங்கின் ‘காலாங் முழக்கம்’ ஜொகூர் அணியும் கேட்டு அஞ்சியது. அவ்வரங்கம் 2007-இல் மூடப்பட்டது. அதேயிடத்தில் 2014-இல் 55,000 இருக்கையோடு புதியது எழுந்தது. அந்த முழக்கம் திரும்பவில்லை என்று ஏங்கும் மூத்த இரசிகர் இன்றும் பலர்.

நிற்பதா, அமர்வதா என்பதும் கொள்ளளவை மாற்றும். ஜெர்மனியின் டார்ட்மண்டு அரங்கில் உள்நாட்டு ஆட்டங்களுக்கு 81,365 பேர். அனைவரும் அமர வேண்டிய பன்னாட்டு ஆட்டங்களுக்குச் சுமார் 66,000 பேரே. ஒரு செங்கல்லும் கூட்டாமல் பதினைந்தாயிரம் பேர் கூடுவதும் குறைவதும் நிற்குமிடத்தால் நேர்வது. இங்கிலாந்தில் 1989-இல் ஹில்ஸ்பரோ நெரிசலில் 97 உயிர் போன பிறகு, மேல்நிலை ஆட்டங்களில் நிற்குமிடமே ஒழிக்கப்பட்டது. காப்புக் கம்பிகளோடு கூடிய நிற்குமிடம் 2022-இல்தான் மீண்டும் இசைவு பெற்றது.

கூட்டம் உள்ளே வருவது பற்றியே எல்லோரும் பேசுகின்றனர். வெளியே போவது பற்றிப் பேசுவோர் சிலர். உண்மையில் அரங்கின் அளவை முடிவு செய்வது வாயிலின் அகலம். சமதள வழியில் ஒரு மீட்டர் அகலத்தில் நிமிடத்துக்கு 82 பேர் கடக்கலாம் என்பதும், எட்டு நிமிடத்துக்குள் அனைவரும் வெளியேற வேண்டும் என்பதும் பிரிட்டனின் கணக்கு. அதன்படி 30,000 பேருக்கு மொத்தம் 46 மீட்டர் வழி வேண்டும். 40,000 பேருக்கு 61 மீட்டர் வேண்டும். படிக்கட்டாயின் இதனினும் கூடுதல். பத்தாயிரம் இருக்கை சேர்ப்போர் பதினைந்து மீட்டர் வாயிலும் சேர்த்தாக வேண்டும். சேர்க்க இயலாதாயின் இருக்கையும் சேர்த்தலாகாது. 2022 அக்டோபர் 1 அன்று இந்தோனேசியாவின் மாலாங் மாவட்டத்தில் காஞ்சுருகான் அரங்கில் கண்ணீர்ப்புகைக்கு அஞ்சி ஓடியவர்கள் குறுகிய வாயில்களில் நெரிந்து 135 பேர் மாண்டனர். 38,000 பேர் கொள்ளும் அரங்குக்கு 42,000 சீட்டு விற்றிருந்ததாக அந்நாட்டு அமைச்சரே கூறினார். அவ்வரங்கம் பின்னர் இடிக்கப்பட்டு, முன்னதினும் குறைந்த இருக்கையோடு கட்டப்பட்டது.

வாயில் அன்றி, வழக்காலும் இருக்கை வீணாவதுண்டு. சென்னைச் சேப்பாக்கத்தில் 2011 கிரிக்கெட் உலகக் கோப்பையை ஒட்டிக் கட்டிய மூன்று மாடங்கள், அருகிலிருந்த கட்டடத்துக்கும் அவற்றுக்கும் இடைவெளி போதாது என்ற வழக்கினால் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தன.

ஜொகூருக்கு மீண்டால், புதிய அரங்கின் காட்சி குறித்துக் குறை சொல்வோர் அரிது. குறை வேறிடத்தில் இருக்கின்றது. லார்க்கின் அரங்கம் நகருக்குள், பேருந்து நிலையம் அமைந்த அதே பகுதியில் இருக்கின்றது. வண்டி இல்லாதவனும் ஆட்டம் பார்த்து வீடு திரும்பலாம். இஸ்கந்தர் புத்திரி நகரின் மேற்கே, நெடுஞ்சாலையை நம்பியுள்ள இடம். இரவு ஆட்டம் முடிந்து நாற்பதாயிரம் பேர் ஒருசேரப் புறப்படும்போது, மாசாயிலிருந்தோ உலு திராமிலிருந்தோ வந்த இளைஞன் யாருடைய வண்டியில் ஏறுவது என்று பார்த்து நிற்க வேண்டியிருக்கின்றது. இனி ஒரு வரிசை இருக்கை சேர்ப்பதைவிட, ஆட்ட இரவுகளில் ஒரு வரிசைப் பேருந்து விடுவது அவனுக்கு அரங்கைப் பெரிதாக்கிக் கொடுக்கும்.