லாரியில் சுழலும் பம்பரம்

‘டர்போ’ என்னும் சொல்லை இன்று அறியாத சிறுவர் இலர். விளையாட்டுக் கார் முதல் துணி துவைக்கும் பொறி வரை எதன்மேலும் அச்சொல் ஒட்டப்பட்டிருக்கின்றது. அதன் வேரை நாடினால், இலத்தீன் மொழியில் பம்பரம் என்றும் சுழற்காற்று என்றும் பொருள்படக் காண்கிறோம். டர்பைன் என்பதும் அவ்வேரினின்று கிளைத்ததே. நாம் அதனைப் பாடநூல்களில் விசையாழி என்று எழுதுகிறோம். ஆழி என்பது கடலுக்கும் மோதிரத்துக்கும் மட்டுமன்றிச் சக்கரத்துக்கும் பெயராதலின், அவ்வாக்கம் பொருத்தமுடையதே. ஆயினும் லாரிப் பட்டறையில் சென்று விசையாழி என்றால் கேட்பவர் திகைப்பார். ஆதலின் இக்கட்டுரையில் டர்போ என்றே வழங்குவோம்.

தமிழாசிரியனுக்கு லாரியைப் பற்றி என்ன வேலை என்று அன்பர்கள் வினவக்கூடும். என் தந்தையார் தோட்டத்து லாரியோட்டியாக இருந்தவர். நான் பணியாற்றும் பள்ளியும் தோட்டப் பள்ளியே. பால்மரங்கள் மறைந்து, அவ்விடத்தில் அடுக்குமாடிகளும் கடைவீதிகளும் எழுந்துவிட்ட பூச்சோங் வட்டாரத்தில், தோட்டம் என்பது எங்களுக்குப் பெரிதும் நினைவாகவே நிற்கின்றது. தோட்டம் கலைந்தபோது வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் பலர் லாரித் தொழிலுக்கே சென்றனர். அவர்களுள் என் பழைய மாணவர் ஒருவர், பழைய டிப்பர் லாரி ஒன்றைக் கடன்பட்டு வாங்கி, மணலும் கல்லும் ஏற்றிப் பிழைத்து வருகின்றார். அவருக்கு நேர்ந்ததே இதனை எழுதத் தூண்டிற்று.

10-6-2024 அன்று தீபகற்ப மலேசியாவில் டீசலின் சில்லறை விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசாக உயர்ந்தது. உதவிவிலை அட்டை கிடைத்தவர்கள் ஒருவாறு தப்பினர். இவருக்கு அது கிட்டவில்லை. அவருடைய லாரியோ கோம்பாக்கைக் கடந்து காராக் நெடுஞ்சாலையில் ஏறும்போதெல்லாம் கரும்புகை கக்கி, கெந்திங் செம்பாவை நெருங்குமுன் நடைவேகத்துக்கு வந்துவிடும். “பெரிய டர்போ போட்டால் இழுவையும் கூடும், எண்ணெய்ச் செலவும் குறையும்” என்று ஒரு பட்டறையில் சொன்னார்களாம். அவர் நம்பினார். அச்சொல்லில் எவ்வளவு உண்மை, எவ்வளவு பிழை என்பதே நாம் ஆராய வேண்டுவது.

முதலில் புகையைக் காண்போம். கரும்புகை என்பது எரியாத கரி, அஃதாவது காசு கொடுத்து வாங்கிப் பயன் கொள்ளாது வெளியே விட்ட டீசல். அது எரியாமைக்குத் தலையாய காரணம் காற்றுப் போதாமையே. ஒரு கிலோ டீசல் முழுதும் எரிய ஏறத்தாழப் பதினான்கரைக் கிலோ காற்று வேண்டும். ஒரு லிட்டர் டீசலின் எடை 840 கிராம் அளவு. நம் நாட்டு வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை 1 கிலோ 150 கிராம் அளவு. பெருக்கி வகுத்தால், ஒரு லிட்டர் டீசலுக்குப் பத்தரைக் கன மீட்டர் காற்று தேவைப்படுகின்றது. 8 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் கொண்ட ஒரு வகுப்பறையில் உள்ள காற்று முழுவதையும் 14 லிட்டர் டீசல் விழுங்கிவிடும்! ஆறாம் ஆண்டு மாணவர்க்கு இக்கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டினேன். அன்று கணிதப் பாடத்தில் எவரும் தூங்கவில்லை. இதுவும் கணக்கில் வரும் அளவு மட்டுமே. சிலிண்டருக்குள் டீசலும் காற்றும் செவ்வனே கலக்க நேரமில்லை. ஆதலின் புகையின்றி எரியக் காற்று இன்னும் கால் பங்காவது மிகுதியாக இருத்தல் வேண்டும்.

சிலிண்டரின் கொள்ளளவோ மாறாதது. பிஸ்டன் கீழிறங்கும்போது தானாக நுழையும் காற்று அவ்வளவுதான். அதனினும் மிகுதியாகத் திணிக்க வேண்டுமாயின் அழுத்தித்தான் திணிக்க வேண்டும். அழுத்துவதற்கு ஆற்றல் எங்கிருந்து வரும்? எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புகைக்குழாய் வழியே சூடாக வெளியேறி வீணாகின்றது. அப்புகையின் வழியில் ஒரு சக்கரத்தை வைத்தால் அது சுழலும். அச்சக்கரத்தின் தண்டிலேயே மறுமுனையில் இன்னொரு சக்கரத்தைப் பூட்டினால், அது வெளிக்காற்றை உறிஞ்சி அழுத்திச் சிலிண்டருக்குள் தள்ளும். டர்போ என்பது இவ்வளவே. இஞ்சின் நிமிடத்திற்கு 2,500 முறை சுற்றும்போது, இப்பம்பரம் 1,00,000 முறை வரையிலும் சுற்றக்கூடும்.

இதனைக் கண்டவர் சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ஆல்ஃபிரெட் பூக்கி. அவர் உரிமைப் பதிவு பெற்றது 1905-இல். செயலுக்கு வர இருபது ஆண்டுகள் சென்றன. 1926-இல் ‘பிராய்சன்’, ‘ஹான்செஷ்டாட் டான்சிக்’ என்னும் இரு செர்மானியக் கப்பல்களின் இஞ்சின்கள், டர்போ பூட்டியதனால் 1,750 குதிரைத்திறனிலிருந்து 2,500-க்கு உயர்ந்தன. சாலைக்கு வந்தது அதன் பின்னர். 1938-இல் சுவிட்சர்லாந்தின் சாவ்ரர் நிறுவனம் லாரி இஞ்சினில் அதனைப் பொருத்தியது. 1954-இல் சுவீடனின் வோல்வோ ‘டைட்டன்’ லாரிக்கு டர்போ தந்தபோது, 150 குதிரைத்திறன் 185 ஆயிற்று. இன்று தமிழர் வாழும் சென்னையிலேயே இக்கருவி செய்யும் தொழிலகம் உண்டு.

இவ்வரலாற்றில் நம் நாட்டவர் சுவைக்கத்தக்க ஒரு நிகழ்ச்சியும் உளது. 1952-ஆம் ஆண்டு அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் 500 மைல் பந்தயத்தில், கம்மின்ஸ் நிறுவனத்தின் டர்போ பூட்டிய டீசல் கார், ஃபிரெட் அகபாஷியன் ஓட்ட, தகுதிச் சுற்றின் வழியே தொடக்க வரிசையில் முதலிடம் பெற்றது. பந்தயத்திலோ 71 சுற்றோடு ஒதுங்கிற்று. காற்று உறிஞ்சும் வாய் தரைக்கு மிக அருகில் வைக்கப்பட்டிருந்ததனால், முன்சென்ற கார்களின் டயர்கள் உதிர்த்த ரப்பர்த் துகள்கள் புகுந்து டர்போவை அடைத்துவிட்டன. ரப்பரால் வாழ்ந்த நாடு நம்முடையது. அதே ரப்பர் ஒரு மாபெரும் இஞ்சினை மூச்சடைக்கச் செய்ததைப் பாருங்கள்! மணல் குழியிலும் கற்குழியிலும் ஓடும் டிப்பர் லாரிக்காரர் இதனை மறவாதிருத்தல் நன்று. காற்று வடிகட்டி அடைபட்டிருக்கும் லாரிக்கு எத்தகைய புது டர்போ பூட்டினாலும் பயனில்லை.

இனி, ‘பெரிய டர்போ’ என்னும் செய்திக்கு வருவோம். சிறு பம்பரம் இலேசான கயிற்றுக்கே சுழன்றுவிடும். பெரும் பம்பரத்திற்கு நீண்ட கயிறும் வலிய கையும் வேண்டும். பெரிய இஞ்சினுக்கென்று அமைந்த டர்போவைச் சிறிய இஞ்சினில் பூட்டினால், தாழ்ந்த சுற்றில் வெளிவரும் புகைக்கு அதனைச் சுழற்றும் வலிமை இராது. சுழலாத டர்போ காற்றைத் தள்ளாது. சுமையேற்றிய லாரி ஏற்றத்தில் எந்தச் சுற்றில் உழைக்கின்றதோ அந்தச் சுற்றிலேதான் காற்றுப் பஞ்சம் உண்டாகும். என் மாணவருக்கு நேர்ந்தது இதுவே. வெறுவண்டியாகச் சமவெளியில் பறந்த லாரி, மணலோடு மலையேறியபோது முன்னிலும் மோசமாகப் புகைந்தது. அதற்கு மருந்தாக, அதே பட்டறையில் எண்ணெய்ப் பம்பின் திருகைத் திருப்பி டீசல் அளவைக் கூட்டிவிட்டார்கள்.

பழைய இஞ்சின்களில் மிக எளிதாகச் செய்யக்கூடியதும் மிகக் கொடியதும் இத்திருகைத் திருப்புதலே. இன்றைய லாரிகளில் கணினி தடுத்துவிடும். பழைய பம்பில் ஒரு ஸ்பேனர் போதும். டீசல் மிகுந்தால் சிறிது நேரம் இழுவை மிகுதல் உண்மை. ஆனால் காற்றுக் குறைந்த தீயில் வெளியேறும் புகையின் வெப்பம் ஏறிக்கொண்டே போகும். நீண்ட ஏற்றத்தில் டர்போவுக்கு முன்னுள்ள குழாயில் அது 700 பாகை செல்சியசைத் தாண்டாதிருக்க வேண்டும் என்பது அனுபவமுள்ளோர் கொள்ளும் எல்லை. பிஸ்டனோ அலுமினியக் கலவை. தூய அலுமினியம் 660 பாகையில் உருகுவது. அடியிலிருந்து ஆயிலும், சுவர் வழியே தண்ணீரும் சூட்டை வாங்கிக்கொள்வதால்தான் அது தாங்கி நிற்கின்றது. ஒரு நாள் பிற்பகல் மலைச்சாலையில் அவர் லாரி படபடத்து நின்றது. திறந்து பார்த்தபோது ஒரு பிஸ்டனின் தலை மெழுகு போல் குழிந்திருந்தது. இஞ்சினைச் சீர்செய்ய அவர் மனைவியின் வளையல்கள் அடகுக்கடைக்குப் போயின. பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்குத் தவணை கேட்டு என்னிடம் வந்தபோதுதான் எனக்குச் செய்தி தெரிந்தது.

பிறகு அவரை, டீசல் இஞ்சினில் பழுத்த முதியவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றேன். அவர் முதலில் டர்போவைத் தொடவே இல்லை. காற்றுக் குழாய்களின் இணைப்பில் சவர்க்கார நீரைத் தடவினார். இரண்டிடத்தில் குமிழி வந்தது. “அழுத்திய காற்றில் பாதி இங்கேயே ஓடிப்போகிறது, தம்பி. முதல் நாளே இதைப் பார்த்திருந்தால் பழைய டர்போவே இன்னும் கொஞ்ச காலம் உழைத்திருக்கும்” என்றார். எனக்கு அப்போது, எழுத்துத் தெரியாத மாணவனுக்கு இலக்கணம் நடத்திய என் இளமைக்கால வகுப்பொன்று நினைவுக்கு வந்தது.

அவர் பொருத்தியது, அந்த இஞ்சினின் அளவுக்கே ஏற்ற, பிற்காலத்து அமைப்புடைய டர்போ. அதன் புகைவாய் குறுகியது. தோட்டத்துக் குழாய் நுனியை விரலால் அடைத்தால் நீர் விசையோடு பாய்வது போல, குறைந்த புகையும் சக்கரத்தை விரைந்து சுழற்றும். அப்படியாயின் இஞ்சின் உயர்ந்த சுற்றில் ஓடும்போது பம்பரம் எல்லை மீறாதோ எனின், அதற்கொரு கதவு உண்டு. அழுத்தம் குறித்த அளவை எட்டியதும் அது திறந்து, மிகுபுகையைச் சக்கரத்தின் மேல் படாமல் வெளியே விட்டுவிடும்.

அதனோடு அவர் வற்புறுத்திச் சேர்த்தது இண்டர்கூலர். அழுத்தினால் காற்றுச் சூடேறும் என்பதை மிதிவண்டிக்குக் காற்றடித்தவர் அறிவர். 33 பாகைக் காற்றை இருமடங்கு அழுத்தத்துக்கு உயர்த்தினால், சாதாரண டர்போவில் அது ஏறத்தாழ 130 பாகையாகிவிடும். சூடான காற்று விரிவதால், அழுத்தம் இருமடங்காயினும் உள்ளே செல்லும் காற்றின் எடை ஒன்றரை மடங்கே. அதனை ரேடியேட்டர் போன்ற ஒன்றினூடே செலுத்தி 55 பாகைக்குக் குளிர்வித்தால், 1.85 மடங்குக்குச் சற்று மேலாகும். பெரிய டர்போவில் அவர் தேடிய காற்று இங்கே, சக்கரமே இல்லாத ஒரு பெட்டியில் இருந்தது. மேலும் குளிர்ந்த காற்று புகும்போது எரியும் வெப்பமும் தணிகின்றது.

எண்ணெய்ப் பம்பின் திருகைப் பழைய நிலைக்கு மீட்டு, புகையின் வெப்பத்தைக் காட்டும் மானி ஒன்றையும் ஓட்டுநர் கண்முன் பொருத்தினார். டர்போவே இல்லாத இஞ்சினுக்குப் புதிதாகப் பூட்ட விரும்புவோர் இன்னும் எண்ணித் துணிய வேண்டும். அத்தகைய இஞ்சினில் பிஸ்டன் காற்றை அமுக்கும் விகிதமே உயர்ந்திருக்கும். மேலும் அழுத்தினால் தலைக்கேஸ்கட்டும் பிஸ்டனும் தாங்கா. அரசு விதியும் உண்டு. இஞ்சின் அமைப்பை மாற்றுமுன் சாலைப் போக்குவரத்துத் துறையை நாடுதல் வேண்டும். டீசல் வாகனப் புகைக்கென்று 1996-ஆம் ஆண்டிலேயே தனி விதிகள் வந்துள்ளன.

பட்டறைகளில் எவரும் சொல்லாத ஒன்றை நான் அவரிடம் பன்முறை சொன்னேன். டர்போ லாரியை ஏற்றுமேயன்றி நிறுத்தாது. ஏற்றத்தில் வேகம் கூடிய லாரிக்கு இறக்கத்தில் இருப்பது அதே பழைய பிரேக்கே. கெந்திங் செம்பாவில் ஏறிய கியரைவிட உயர்ந்த கியரில் இறங்குவதில்லை என்று அவர் எனக்கு வாக்களித்திருக்கின்றார்.

லாரி இப்போது பறப்பதில்லை. புகையின்றி ஏறுகின்றது, அவ்வளவே. டீசல் கணக்கைக் குறிப்பேட்டில் எழுதி வந்து மாதந்தோறும் காட்டுகின்றார். வளையல்களில் ஒன்று மீண்டுவிட்டது.

அவர் பிள்ளையை அழைத்துப்போகப் பள்ளி வாயிலுக்கு வரும்போது மட்டும் எங்கள் காவலருக்குச் சினம் உண்டாகும். வந்தவுடன் இஞ்சினை அணைப்பதில்லை. மூன்று நிமிடம் சும்மா ஓடவிடுகின்றார். டர்போவின் தண்டு உலோகத்தின்மேல் உராய்ந்து சுழல்வதன்று, மெல்லிய ஆயில் படலத்தில் மிதந்து சுழல்வது. பழுக்கக் காய்ந்த டர்போவில் ஆயில் ஓட்டம் திடீரென நின்றால், தங்கிய ஆயில் கரியாகி வழியை அடைத்துவிடும். தண்டு தணியும் வரை ஆயில் ஓடவேண்டும். காவலருக்கு இதனை இருமுறை விளக்கிவிட்டேன். மூன்றாம் முறை விளக்குமாறு அம்மாணவரிடமே விட்டுவிட்டேன்.