ஒரு முறை எழுதிய கணக்கை மறுமுறை எழுதுவானேன்?

2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு, நாகமலை புதுக்கோட்டை மளிகைக் கடைகள் முதல் கீழமாசி வீதி மொத்தக் கடைகள் வரை நம்மில் பலருக்கு டாலிதான் பேரேடு. ஆயினும், யாரிடம் எவ்வளவு பாக்கி என்று பார்க்க, அதையே மறுபடி எக்செல்லில் தட்டச்சு செய்வோர் உண்டு. ஒரு சைபர் விடுபட்டால் 25,000 ரூபாய் பாக்கி 2,500 ஆகிவிடும். நட்டம் நமக்குத்தான்!

இந்த இரட்டை வேலை தேவையில்லை. 1992-ல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ஓ.டி.பி.சி. என்ற பொது இணைப்பு முறை இருக்கிறது. படியும் வீசையும் போய்க் கிலோ எல்லோருக்கும் பொதுவானதுபோல, ஒரு மென்பொருளின் கணக்கை இன்னொன்று படிக்க இது பொதுவழி. இடையில் நிற்கும் தரகர்தான் ‘டிரைவர்’. டாலியோடு அதுவும் வருகிறது. தனித் தரகு கிடையாது.

செய்முறை எளிது. டாலியில் நம் கடைக் கணக்கைத் திறந்து வையுங்கள். அமைப்புகளில் ஓ.டி.பி.சி.யை இயங்கச் செய்யுங்கள். வழக்கமான போர்ட் எண் 9000. பிறகு எக்செல்லின் ‘டேட்டா’ பகுதியில் ஓ.டி.பி.சி.யைத் தேர்ந்தெடுத்தால், லெட்ஜர் பெயர்களும் நிலுவையும் பட்டியலாக வரும். நமக்கு வரவேண்டிய தொகை கழித்தல் குறியோடு வரும், குழம்ப வேண்டாம். மறுநாள் ‘ரெஃப்ரெஷ்’ அழுத்தினாலே போதும். பவர் பி.ஐ.யில் வரைபடமாகவும் பார்க்கலாம்.

இணைப்பு கிடைக்கவில்லையா? டாலி, எக்செல் இரண்டும் 64 பிட்தானா, அல்லது இரண்டும் 32 பிட்தானா என்று முதலில் பாருங்கள்.

ஒன்று மட்டும் கவனம். அந்த எக்செல் கோப்பில் நம் வாடிக்கையாளர் பாக்கி முழுதும் இருக்கும். கல்லாச் சாவியைக் காப்பதுபோல அதற்கும் பாஸ்வேர்டு போட்டு வைப்பது வணிகருக்கு அழகு.