மாநகரத் திட்டமிடலில் நிகழ்வு, பயிற்சி, தன்னார்வம்: சென்னைப் பெருநகரை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

நகரத் திட்டமிடல் சார்ந்த பொது நிகழ்வுகள், நகரமைப்பாளர்களுக்கான தொழிற்பயிற்சி, குடிமக்களின் தன்னார்வப் பணி ஆகிய மூன்றும் சென்னைப் பெருநகரில் தனித்தனித் தளங்களில் நடைபெற்று வருகின்றன. இம்மூன்றும் சந்திக்க வேண்டிய இடம், தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971 வகுத்துள்ள கருத்துக்கேட்புக் காலமாகும். வரைவுத் திட்டத்தைப் படித்து எழுத்து வடிவில் ஆட்சேபணை அளிக்கும் திறன் குடிமக்களிடம் முன்கூட்டியே உருவாக்கப்படாவிடில் அக்காலம் பயனின்றிக் கழியும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. அத்திறனை வளர்ப்பதில் தமிழ்க் கலைச்சொற்களுக்கு உள்ள பங்கையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: முழுமைத் திட்டம், கருத்துக்கேட்பு, நகரமைப்புக் கல்வி, பகுதி சபா, தன்னார்வம், நிலப் பயன்பாடு, ஏரி.

முன்னுரை

சென்னைப் பெருநகருக்கு இதுவரை இரண்டு முழுமைத் திட்டங்கள் நடைமுறைக்கு வந்துள்ளன. முதல் திட்டம் 1975 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. 2026 ஆம் ஆண்டை இலக்காகக் கொண்ட இரண்டாம் திட்டம் 2008 செப்டம்பரில் ஒப்புதல் பெற்றது. மூன்றாம் முழுமைத் திட்டம் 2027 முதல் 2046 வரையிலான இருபது ஆண்டுகளுக்கு உரியது. ஒரு நிலம் வயலாக நீடிக்குமா, குடியிருப்பாகுமா, தொழிற்சாலைக்கு உரியதாகுமா என்பதை முழுமைத் திட்டத்தின் நிலப் பயன்பாட்டு வரைபடமே முடிவு செய்கிறது. எனவே அத்திட்டத்தின் ஒரு தலைமுறைக்கால விளைவு, அதன் வரைவு மக்கள் முன் வைக்கப்படும் சில வாரங்களில் பெருமளவு தீர்மானமாகிறது. அந்தச் சில வாரங்களுக்கு நகரம் எவ்வாறு ஆயத்தமாகிறது என்பதே இக்கட்டுரையின் வினா.

கெடிஸின் கண்காட்சியும் 1920 ஆம் ஆண்டுச் சட்டமும்

சென்னையின் திட்டமிடல் வரலாறு ஒரு பொது நிகழ்வோடு தொடர்புடையது. ஸ்காட்லாந்து அறிஞர் பாட்ரிக் கெடிஸ், நகரங்கள் குறித்த தம் கண்காட்சியை இந்தியாவுக்குக் கொண்டுவர 1914 இல் முனைந்தார். கண்காட்சிப் பொருள்களை ஏற்றிவந்த கப்பலை ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் மூழ்கடித்தது. அதே எம்டன்தான் 1914 செப்டம்பர் 22 அன்று சென்னை மீது குண்டு வீசியது. புதிதாகத் திரட்டப்பட்ட வரைபடங்களையும் படங்களையும் கொண்டு 1915 இன் தொடக்கத்தில் சென்னையில் அக்கண்காட்சி நடத்தப்பட்டது.

திட்டம் வகுக்கும் முன் ஊரை ஆய்ந்தறிய வேண்டும் என்பது கெடிஸின் அடிப்படைக் கொள்கை. அந்த ஆய்வில் ஊர் மக்களும் பங்கேற்க வேண்டும் என அவர் கருதினார். எனவே அவரிடத்தில் கண்காட்சி, கல்வி, குடிமைப்பணி ஆகிய மூன்றும் ஒரே செயலின் பகுதிகளாக இருந்தன. இந்திய ஊர்களின் குளங்களையும் ஏரிகளையும் தூர்ப்பதை எதிர்த்து, அவற்றைப் பேணுமாறு தம் அறிக்கைகளில் அவர் வலியுறுத்தினார்.

இதனைத் தொடர்ந்து 1920 இல் சென்னை நகரமைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அப்பத்தாண்டிலேயே மாம்பலத்தின் நீண்ட ஏரி வடிக்கப்பட்டு, அந்நிலத்தில் தியாகராய நகர் உருவாக்கப்பட்டது. ஏரி இருந்ததன் சான்றாக மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ சாலை என்னும் பெயர் மட்டும் எஞ்சியுள்ளது. கண்காட்சியில் முன்வைக்கப்பட்ட கருத்து, அதன்பின் வந்த திட்டத்தைக் கட்டுப்படுத்தவில்லை. நிகழ்வுக்கும் முடிவெடுப்புக்கும் இடையிலான இந்த இடைவெளி இன்றும் ஆராயத்தக்கதாகும்.

சட்டம் தரும் இரண்டு மாதங்கள்

1920 ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971 வந்தது. இதன் 26 ஆம் பிரிவு, முழுமைத் திட்ட வரைவு குறித்து அறிவிப்பு வெளியிட்டு ஆட்சேபணைகளையும் ஆலோசனைகளையும் கோர வேண்டும் என்கிறது. அதற்கான காலம் இரண்டு மாதங்களுக்குக் குறையக்கூடாது. இப்பிரிவில் மூன்று கூறுகள் கவனிக்கத்தக்கவை. முதலாவது, கருத்து எழுத்து வடிவில் இருத்தல் வேண்டும். இரண்டாவது, எவரும் கருத்து அளிக்கலாம். நில உரிமையாளராக இருக்க வேண்டும் என்பதில்லை. மூன்றாவது, நேரில் கேட்கப்படும் வாய்ப்பு, அவ்வாறு கேட்கப்பட வேண்டும் எனக் கோரியவர்க்கே உரியது.

ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969 இல் வகுத்த எட்டுப் படிகள் கொண்ட மக்கள் பங்கேற்பு ஏணியில், கருத்துக்கேட்பு நான்காவது படியில் இடம்பெறுகிறது. மக்கள் பேசலாம், ஆனால் பேசியது ஏற்கப்படும் என்பதற்கு உறுதியில்லை என்பது அப்படியின் இயல்பு. எனினும் இந்த நான்காம் படியைக்கூட முழுமையாகப் பயன்படுத்தச் சில திறன்கள் தேவை. ‘எங்கள் பகுதியில் ஆண்டுதோறும் வெள்ளம் வருகிறது’ என்னும் முறையீடு உண்மையாயினும் திட்ட வரைவில் எதனைத் திருத்த வேண்டும் என்பதைச் சுட்டுவதில்லை. குறித்த புல எண்ணில் உள்ள நிலம் ஓர் ஏரியின் உபரிநீர் செல்லும் வழி. வரைவில் அது குடியிருப்பு மண்டலமாகக் காட்டப்பட்டுள்ளது. வருவாய்த்துறை ஆவணத்தில் அது வாய்க்கால் புறம்போக்காக உள்ளது. ஆகவே வகைப்பாட்டை மாற்ற வேண்டும் என எழுதப்படும் ஆட்சேபணைக்குத் திட்ட அமைப்பு குறிப்பாக விடையளிக்க வேண்டியிருக்கும். முதல் முறையீட்டிலிருந்து இரண்டாவதற்குச் செல்ல, நிலப் பயன்பாட்டு வரைபடம், புல வரைபடம், வளர்ச்சி விதிகள் ஆகியவற்றை ஒப்பிட்டுப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அறிவிப்பு வெளிவந்தபின் இரண்டு மாதங்களுக்குள் இத்திறனைப் புதிதாகப் பெறுவது கடினம்.

தொழிற்பயிற்சியின் நிலை

இத்திறனை முறையாகக் கற்றவர்கள் நகரமைப்பாளர்கள். 1951 இல் தொடங்கப்பட்ட இந்திய நகரமைப்பாளர்கள் நிறுவனம் இத்தொழிலுக்குரிய தேசிய அமைப்பாகும். சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை மற்றும் திட்டமிடல் கல்விக்கூடம் நகரமைப்பில் முதுநிலைக் கல்வி அளிக்கிறது. ஆனால் தேவையை நோக்க இத்தொழிலில் உள்ளோர் எண்ணிக்கை குறைவு. நிதி ஆயோக் 2021 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, மாநில நகரமைப்புத் துறைகளில் அனுமதிக்கப்பட்ட நகரமைப்பாளர் பணியிடங்கள் 3,945. அவற்றுள் ஏறத்தாழ 42 விழுக்காடு காலியாக இருந்தன. தேவையான பணியிடங்களோ 12,000க்கும் மேற்பட்டவை என அவ்வறிக்கை மதிப்பிட்டது.

நகரமைப்பாளர்கள் குறைவாக இருக்கும்போது அவர்களது உழைப்பு இரு திசைகளில் செல்கிறது. ஒன்று அரசுப் பணி. மற்றொன்று கட்டட அனுமதிக்கு விண்ணப்பிப்போருக்கான தனியார் பணி. ஒரு குடியிருப்புப் பகுதியின் சார்பில் வரைவைப் படித்துக் கூறுவது எவருடைய ஊதியப் பணியாகவும் அமைவதில்லை. இளம் பட்டதாரிகளை நகர்ப்புற உள்ளாட்சிகளில் பயிற்சி பெறச் செய்யும் ‘டியூலிப்’ திட்டத்தை ஒன்றிய அரசு 2020 ஜூனில் தொடங்கியது. அத்தகைய பயிற்சி நிருவாகத்துக்குத் துணைசெய்வதாக அமைகிறது. குடிமக்களுக்கு வரைபடம் படிக்கக் கற்பிப்பதும் தொழிற்பயிற்சியின் கட்டாயக் கூறானால் மேற்கூறிய வெற்றிடம் ஓரளவு நிரம்பும்.

தன்னார்வப் பணியின் இரு வகைகள்

சென்னையில் தன்னார்வத்துக்குக் குறைவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது மீனவர்கள் தம் படகுகளைக் கொண்டுவந்து மக்களை மீட்டனர். மாணவர்களும் இளைஞர்களும் உணவும் உடையும் திரட்டினர். இது பேரிடர்க்கால தன்னார்வம். நீர் வடிந்ததும் இவ்வகைப் பணியின் தேவை குறைகிறது, திரண்டவர்களும் கலைகின்றனர்.

மற்றொரு வகை, ஆண்டுக்கணக்கில் தொடரும் கண்காணிப்பு. பள்ளிக்கரணை சதுப்பு நிலம் இதற்குத் தக்க சான்று. குப்பைக் கிடங்காலும் கட்டடங்களாலும் சுருங்கிய அந்நிலத்தைக் காக்க இயற்கை ஆர்வலர்களின் பறவைக் கணக்கெடுப்பும் குடியிருப்போரின் தொடர் முறையீடுகளும் துணைநின்றன. 2007 இல் 317 ஹெக்டேர் பரப்பு காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. இரண்டாம் முழுமைத் திட்டத்தின் வளர்ச்சி விதிகளில் பள்ளிக்கரணை தனிக் கட்டுப்பாட்டுக்குரிய பகுதியாக இடம்பெற்றது. 2022 இல் 1,247.54 ஹெக்டேர் பரப்பு ராம்சர் தலமாகியது. தன்னார்வலர் திரட்டும் தரவு, சட்டம் ஏற்கும் வகைப்பாடாக மாறும்போதே அதற்கு நிலைத்த பயன் கிட்டுகிறது என்பதை இது உணர்த்துகிறது.

இவ்வகைப் பணிக்குச் சட்டம் சார்ந்த இருக்கையும் இன்று உண்டு. அரசியலமைப்பின் 74 ஆவது திருத்தம் வார்டு குழுக்களுக்கு வழிவகுத்தது. தமிழ்நாட்டில் வார்டு குழுவுக்கும் பகுதி சபாவுக்குமான விதிகள் 2022 இல் வெளியிடப்பட்டன. 200 வார்டுகள் கொண்ட சென்னை மாநகராட்சியில் தெருவிளக்கும் குடிநீரும் பேசப்படும் இச்சபைகளில் முழுமைத் திட்ட வரைவும் பேசுபொருளாக வேண்டும்.

வரைபடத்தின் மொழியும் மக்களின் மொழியும்

நிலப் பயன்பாட்டு வரைபடம் நிலத்தை வண்ணங்களாகப் பிரிக்கிறது: முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், தொழில், நிறுவனம், வேளாண்மை, திறந்தவெளி. இவ்வகைப்பாடு நிலத்தின் பயனைக் காட்டும். நீரின் போக்கை அறிய வேறு சொற்கள் தேவை. ஏரி, தாங்கல், கழுவெளி, மதகு, கலங்கல், போக்குக்கால்வாய், ஆயக்கட்டு ஆகிய சொற்கள் தமிழகப் பாசன மரபில் தனித்தனிப் பொருளுடையவை. மேலுள்ள ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே உபரிநீர் கீழுள்ள ஏரியைச் சேரும். இத்தொடர்பை அறிந்த முதியோர் பலர் புறநகர்ச் சிற்றூர்களில் இன்றும் உள்ளனர். அவர்களுக்கு நிலப் பயன்பாட்டு மண்டலம், தளப்பரப்புக் குறியீடு போன்ற சொற்கள் அயன்மையாக உள்ளன. திட்ட வல்லுநர்க்கோ கலங்கல் என்னும் சொல் அயன்மையாகலாம். பெருநகரின் எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கும் ஆணை 2022 அக்டோபரில் வெளியானது. ஏரிப் பாசனத்தைச் சார்ந்த ஊர்கள் பெருமளவில் உள்ளடங்கும் இவ்விரிவாக்கம், இருதரப்புச் சொல்வழக்கையும் இணைக்கும் கலைச்சொல் தொகுப்பின் தேவையை மிகுவிக்கிறது. தமிழ்த்துறைகள் பங்காற்றத்தக்க களம் இதுவே.

மூன்றையும் இணைக்கும் வழி

அக்டோபர் 31 உலக நகரங்கள் நாள். நவம்பர் 1 தமிழ்நாட்டில் உள்ளாட்சி நாள். நவம்பர் 8 உலக நகரத் திட்டமிடல் நாள். ஒன்பது நாள்களுக்குள் அமையும் இம்மூன்றும், வடகிழக்குப் பருவமழை நகரின் வடிகால்களைச் சோதிக்கும் காலத்திலேயே வருகின்றன. கருத்தரங்கு வல்லுநர்க்கும் சபைக் கூட்டம் குடிமக்களுக்கும் எனப் பிரிந்து நிற்பதை மாற்றி, இந்நாள்களை ஒரே தொடர் பணியாக அமைக்கலாம். நகரமைப்பு மாணவர்கள் பகுதி சபாக்களில் அவ்வப்பகுதியின் வரைபடத்தை விளக்கலாம். குடியிருப்போர் மழைநீர் தேங்கும் இடங்களையும் நீர்வழிகளையும் புல எண்ணோடு குறித்துக் கொடுக்கலாம். அக்குறிப்புகள் ஆண்டுதோறும் சேர்ந்தால், வரைவு வெளியாகும் நாளில் ஆட்சேபணைக்குரிய சான்றுகள் ஆயத்தமாக இருக்கும்.

இதில் ஒரு வரம்பும் உண்டு. தன்னார்வம் ஓய்வுநேரம் உடையோர்க்கே எளிது. நாட்கூலி பெறுவோரும் குடிசைப் பகுதி மக்களும் கூட்டத்துக்கு வர ஒரு நாள் வருவாயை இழக்க நேரும். வசதியுள்ள குடியிருப்புச் சங்கங்களின் குரல் மட்டுமே பதிவாகாதிருக்க, கூட்டத்தின் நேரமும் இடமும் அவர்களுக்கு ஏற்ப அமைதல் வேண்டும். வரைபடம் அவர்கள் வாழும் தெருவுக்கே செல்லவும் வேண்டும்.

முடிவுரை

கெடிஸ் ஒன்றாகக் கண்ட கண்காட்சியும் கல்வியும் குடிமைப்பணியும் சென்னையில் ஒரு நூற்றாண்டாகப் பிரிந்தே வளர்ந்துள்ளன. மாம்பல ஏரியின் இழப்பும் பள்ளிக்கரணையின் பகுதி மீட்பும் காட்டுவது ஒன்றே: மக்களின் அறிவு திட்ட ஆவணத்தின் வகைப்பாட்டுக்குள் இடம்பெற்றால்தான் நிலம் காக்கப்படும். 26 ஆம் பிரிவு தரும் இரண்டு மாதங்களில் எழுதப்பட வேண்டியவற்றுக்கான பயிற்சி, அறிவிப்புக்குப் பல பருவமழைகள் முன்பே தொடங்க வேண்டும். பகுதி சபா அளவிலான வரைபட வாசிப்பும் திட்டமிடலுக்கான தமிழ்க் கலைச்சொல் தொகுப்பும் அதற்கான முதல் இரு பணிகளாகும். அவற்றின் பயன்பாடும் விளைவும் மேலாய்வுக்கு உரியன.