தூண்களுக்கு நடுவே ஒரு தேவாலயம்

மாட்ரிட்டில் சனிக்கிழமை காலை அதிவேக ரயிலைப் பிடித்தால் இரண்டு மணி நேரத்தில் கோர்டோபா. தெற்கு ஸ்பெயினின் இந்தப் பழம் நகரில் கால் வைத்ததுமே பயணிகள் தேடிப் போவது, 8-ம் நூற்றாண்டில் எமிர் முதலாம் அப்துர் ரஹ்மான் கட்டத் தொடங்கிய மசூதியை. உள்ளே 850-க்கும் மேற்பட்ட தூண்கள். மேலே சிவப்பும் வெள்ளையுமாக இரட்டை வளைவுகள். நடுவே ஓங்கி நிற்கிறது ஒரு தேவாலயம்.

1236-ல் நகரைக் கைப்பற்றிய கிறிஸ்தவ மன்னர் மூன்றாம் பெர்னான்டோ மசூதியை இடிக்கவில்லை, தேவாலயமாக்கினார். 1523-ல் அதன் மையப் பகுதியை இடித்துக் கட்ட பிஷப் முனைந்தபோது எதிர்த்ததும் கிறிஸ்தவர்களின் நகர சபைதான். சக்கரவர்த்தி ஐந்தாம் சார்லஸ் பிஷப் பக்கம் சாய்ந்தார்.

இன்றும் இங்கே கத்தோலிக்கத் திருப்பலி நடக்கிறது. முஸ்லிம்கள் சுற்றிப் பார்க்கலாம், தொழ அனுமதியில்லை. ஆனால் உள்ளூர்க்காரர்களிடம் வழி கேட்டால் அவர்கள் சொல்லும் பெயர் 'மெஸ்கீத்தா' - மசூதி.