மூணுல எந்த சிலிண்டர் தூங்குது?

பழைய கார்புரேட்டர் மாருதி 800 ஐடிலில் குலுங்குதா? "இன்ஜினை இறக்கணும்"னு சொன்னதும் தலையாட்டிடாதீங்க. முதல்ல நான் செய்யறது இதுதான்.

மொத்தம் 3 சிலிண்டர், 3 பிளக். இன்ஜினை ஆஃப் பண்ணி ஒரு பிளக் வயரைக் கழற்றுவேன். அதில் ஒரு உபரி பிளக்கை மாட்டி, இன்ஜின் இரும்போடு ஒட்டி வெச்சு ஸ்டார்ட் பண்ணுவேன். கை படக்கூடாது, ஷாக் பலமா அடிக்கும்.

குலுக்கல் கூடினாலோ, வண்டி நின்னாலோ அந்த சிலிண்டர் உழைக்குது. மாற்றமே இல்லைன்னா, தூங்குறது அதுதான்.

அந்த பிளக்கைப் பக்கத்து சிலிண்டருக்கு மாத்துங்க. கோளாறும் கூடவே போனா பிளக்தான் காரணம். போகலைன்னா வயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி. அதுவும் சரின்னா கம்ப்ரஷன் பாருங்க. அது குறைஞ்சிருந்தாதான் இன்ஜினைப் பிரிக்கிற பேச்சே.

ஆனா அப்படியே ஓட்டாதீங்க. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவிடும். அப்புறம் நிஜமாவே இறக்கவேண்டி வரும்.